இரண்டாவது பிளக்குக்கு வைத்த பொட்டு

முப்பத்தோரு வயதில் என்னை "ஓய்வுபெற்ற ஊழியர்" ஆக்கியவள் நந்தினி. செங்கல்பட்டில் நான் ஏழு வருடம் வேலை பார்த்த கார் ஒர்க்‌ஷாப்பில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். ஒர்க்‌ஷாப்பின் ஆண்டு மலரில் ஓய்வுபெற்றவர்களின் அனுபவத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கிவிட்டு ஆள் தேடியிருக்கிறார்கள். உண்மையில் ஓய்வு பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு எழுதப் பிடிக்காது. இன்னொருவருக்கு ஒர்க்‌ஷாப்பையே பிடிக்காது. மிச்சம் நான்.

"அக்கா, நீங்க வேலையை விட்டு மூணு வருஷம் ஆகப்போகுது. நின்னுட்டா ரிடையர்டுதானே?" என்றாள். மூன்று வயதை நெருங்கும் ஒரு பையனோடு வீட்டில் இருப்பதை ஓய்வு என்று சொல்பவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் மன்னித்தேன்.

கூடவே ஒரு கேள்வியும் கேட்டாள். "புது ஸ்கேனர் வந்திருக்குக்கா. ஒயரைச் சொருகினா எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு அதுவே சொல்லிடுது. கஸ்டமர் வாயால போடற சத்தத்தையெல்லாம் இன்னும் எதுக்கு ஜாப் கார்டுல எழுதச் சொல்றார் சார்?"

போனில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பையன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ ஆட்டோமொபைல் படித்தவள். வகுப்பில் ஒரே பெண். படிப்பு முடிந்ததும் இந்த ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர் வேலை. வண்டிக்காரர் சொல்லும் குறையைக் கேட்டு, அதை ஜாப் கார்டில் எழுதி, மெக்கானிக்கிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் வண்டிக்காரரிடம் விளக்க வேண்டும். நான் ரிப்பேர் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டி வெளியே போகும்போதும், சரியாக எழுதினேனா என்று பாதி நாள் தூக்கம் வராது. இப்போது பையன் சாப்பிட்டது போதுமா என்று தூக்கம் வருவதில்லை. அந்த வேலையே எனக்கு இதற்கான பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் தனசேகர் சார். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அதற்குப் பிறகு சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது. அவர் மீண்டும் "அப்புறம்?" என்பார். மூன்றாவது "அப்புறம்" வருவதற்குள் யாராக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கேட்பதற்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை.

ஜாப் கார்டில் மூன்று கட்டங்கள் உண்டு. புகார், காரணம், செய்த வேலை. முதல் வாரத்தில் நான் ஒரு கார்டில் புகார் என்ற இடத்தில் "இன்ஜின் மிஸ்ஃபயர்" என்று எழுதிக் கொடுத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கஸ்டமர் மிஸ்ஃபயர்னா சொன்னார்?"

"இல்ல சார். வண்டி இருமுதுன்னார்."

"எப்படி இருமினார்?"

"வண்டியா சார்?"

"அவரு."

சுற்றிலும் ஆறு மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். நான் மெதுவாக இருமிக் காட்டினேன்.

"வறட்டு இருமலா, சளி இருமலா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடவில்லை. வறட்டு இருமல் என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. சளி இருமல் என்றால் பெட்ரோல் அதிகம். நான் கண்ணை மூடி யோசித்து, கொஞ்சம் தொண்டையைக் கனைத்து, மறுபடி இருமினேன். சளிதான். மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். சளியேதான்.

"கஸ்டமர் சொல்றதை எழுது. நீ நினைக்கறதை எழுதாதே. எங்கே, எப்போ, எப்படி. அவர் 'டுக்கு டுக்கு'ன்னா நீயும் 'டுக்கு டுக்கு'" என்றார் சார். ஏழு வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான்.

ஒரு வருடத்துக்குள் தேய்ந்த பேரிங், தளர்ந்த பெல்ட், ஓட்டை சைலன்சர் எல்லாமே என் வாயில் வந்தன. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை வீட்டில் பாட்டு வருமா என்று கேட்டார்கள். அப்பா பெருமையாக, "பாட்டு வராது. ஆனா பெல்ட் லூசானா எப்படிக் கத்தும்னு அப்படியே செய்வா" என்றார். மாப்பிள்ளைக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. அவர் சிரித்த சிரிப்பில் கல்யாணம் முடிவானது. அவருடைய அம்மா சிரிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன்.

அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பிலிருந்து வரும் பரமசிவன் சாருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வண்டிக்குப் பதினெட்டு வயது. ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், கட்டம் போட்ட தாளோடு என் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இங்க பாருங்கம்மா. கீழ நேரம், மேல விக்கல்."

"விக்கலா சார்?"

"ஆமா, நம்ம தொண்டையில வருமே, அதேதான். 'ஹ்ஹிக்'. பொறவு நாலு செகண்டு சும்மா. பொறவு 'ஹ்ஹிக்'. நான் ஓட்டுதேன், என் ஒய்ஃப் எண்ணுதா. நேத்து நாப்பத்தாறு."

"எப்போ வருது சார்?"

"டெய்லி விடியக்காலம் மாமல்லபுரம் பீச்சுக்கு வாக்கிங் போவோம். போகும்போது கம்முனு இருக்கும். ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்புதோம் பாருங்க, அப்பத்தான். திருக்கழுக்குன்றம் ரோட்டுல ஏறி ரெண்டு மூணு கிலோமீட்டர்ல விக்கல் நின்னுரும்."

அப்படியே எழுதினேன். "விடியற்காலை. மாமல்லபுரம். ஹ்ஹிக் (நாலு செகண்டு) ஹ்ஹிக்."

அதை மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங்" என்பார்கள். நான்கு சிலிண்டரில் ஒன்று நடுநடுவே வேலை செய்யாமல் போவது. அதைப் பிடிப்பதில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் செல்வம் அண்ணாவுக்கு மேல் ஆள் இல்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஊரில் அவருக்கு இன்ஜின் செல்வம் என்றே பெயர். அவர் முறை எளிமையானது. இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் பிளக்கின் மேல் இருக்கும் கேப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். கழற்றியதும் இன்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் நல்லது. கழற்றியும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அதுதான் சோம்பேறி.

அன்றைக்கு நான்கும் தடுமாறின. நான்கும் நல்லது. முப்பது கிலோமீட்டர் ஓடிவந்து, காலை பத்து மணி வெயிலில், வண்டி தங்கமாக நின்றது. பிளக் வயர்கள் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் புதிதாகப் போட்டவை. பிளக்கை மாத்திரம் மாற்றி அனுப்பினார். நான்காம் நாள் பரமசிவன் சார் புதுத் தாளோடு வந்தார். ஐம்பத்திரண்டு விக்கல். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினோம். மறுபடி வந்தார். அறுபத்தொன்று.

"கோடு மேல போகுது பாத்துக்கிடுங்க" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. தாளில் கோடு ஒழுங்காக ஏறுவதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒரே குறைக்காக வண்டி மூன்று முறை வந்தால், பார்த்த மெக்கானிக்கை வாட்டர் சர்வீஸுக்கு, அதாவது வண்டி கழுவும் இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. யார் மேலும் அது பாய்ந்ததில்லை. ஆனால் தனசேகர் சார் அந்த முறை வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக இருந்தார்.

"செல்வத்துக்குக் கை போயிடுச்சு. திங்கட்கிழமையிலேர்ந்து வாட்டர் சர்வீஸ்."

பதினெட்டு வருடம் இன்ஜின் பார்த்த மனிதர். அவர் என்னிடம் வந்து, "போனா போட்டும் மேடம். வெயிலுக்கு ஜில்லுனு இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா ஒண்ணு, ஊர்ல இன்ஜின் செல்வம்னு கூப்டுகினு இருந்தவன்லாம் இனிமே தண்ணி செல்வம்பான். வூட்ல அதுக்கு வேற அர்த்தம் எடுத்துப்பாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் ஸ்பேனரைத் துடைத்த துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. தவறு என்னுடையதோ என்று ஜாப் கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. கார்டில் இடம் மாமல்லபுரம் என்று இருக்கிறது. நாங்கள் மூன்று முறையும் செங்கல்பட்டில் பார்த்திருக்கிறோம்.

சாரிடம் போய்ச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். "விடியற்காலைன்னு இருக்கு சார்" என்றேன். "அப்புறம்?" என்றார். "சனிக்கிழமை நானும் செல்வம் அண்ணாவும் பீச்சுக்குப் போய்ப் பார்த்துட்டு வரோம் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எனக்கு அப்போது ஐந்தாவது மாதம்.

என் கணவர் ஒரு பை கட்டிக் கொடுத்தார். அதில் இட்லி, எலுமிச்சம்பழம், குடை, ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைல் எல்லாம் இருந்தன. இன்ஜினைப் பார்க்கப் போகும் இடத்தில் ஸ்கேன் ரிப்போர்ட் எதற்கு என்றேன். "இருக்கட்டும்" என்றார். ஒரு வீட்டில் கவலைப்பட ஒருவர் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பங்கு போட்டுக்கொள்வோம்.

இருட்டு விலகும் முன்பே நாங்கள் மாமல்லபுரத்தில் இருந்தோம். பரமசிவன் சாரும் அவர் மனைவியும் வழக்கம்போல வண்டியை மணல் ஓரம் நிறுத்திவிட்டு நடந்துவிட்டு வந்தார்கள். கடல்காற்றில் கண்ணாடி முழுக்க வேர்த்திருந்தது. பரமசிவன் சார் சாவியைத் திருப்பினார்.

ஹ்ஹிக்.

நான்கு செகண்டு.

ஹ்ஹிக்.

"வந்துச்சு பாருங்க!" என்றார் பரமசிவன் சார், ரயிலில் வந்த சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவது மாதிரி. அவர் மனைவி, அந்த அம்மா, அதற்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

செல்வம் அண்ணா பானெட்டைத் தூக்கினார். "மேடம், டார்ச்சு வாணாம். இருட்டாவே இருக்கட்டும். கரண்டு எங்கனா லீக் ஆச்சுனா தானா தெரியும்" என்று சொல்லி, துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, பிளக் வயர்கள் மேல் லேசாக அடித்தார்.

இரண்டாவது பிளக்கின் கேப் மேல் ஒரு சின்ன நீல ஒளி நெளிந்தது. புழு மாதிரி மேலிருந்து கீழே இறங்கி, அணைந்து, மறுபடி நெளிந்தது. அந்த வெளிச்சத்தில் வட்டமாக ஒரு பொட்டு தெரிந்தது. சந்தனம், நடுவில் குங்குமம். பொட்டு விட்டுவிட்டு ஒளிர்ந்தது.

"ஏங்க!" என்று அந்த அம்மா என் தோளைப் பிடித்தார். "சாமிங்க!"

கையைக் கூப்பிவிட்டார். எண்ணுவது நின்றுபோனது. சூரிய உதயம் பார்க்க வந்திருந்த ஒரு வடநாட்டுக் குடும்பம் கிட்டே வந்து எட்டிப் பார்த்தது. அதில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஒரு பெண் இன்ஜினோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டாள். கடலுக்கு மேலே சூரியன் வந்ததை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

நான் மட்டும் ஓரடி பின்வாங்கினேன். அந்தப் பொட்டை எனக்குத் தெரியும். வைத்தவள் நான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை தனசேகர் சார் என்னிடம் சந்தனம், குங்குமம், விபூதி வைத்த தட்டைக் கொடுத்து, "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிடுமா. ஒண்ணையும் விட்டுடாதே" என்றிருந்தார். ஒன்றையும் விடாதே என்று என்னிடம் சொல்லக் கூடாது. கம்ப்ரசர், ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, கம்ப்யூட்டர் மவுஸ், தீயணைக்கும் மணல் வாளி வரை வைத்தேன். பிறகு சர்வீஸுக்கு வந்து ஷெட்டில் நின்ற ஏழு வண்டிகளுக்கு வந்தேன். பானெட்டின் மேல் வைத்தால் போதுமா என்று சந்தேகம் வந்தது. ஆயுதம் என்பது உள்ளே இருக்கும் இன்ஜின் அல்லவா? இன்ஜினில் முக்கியமான இடம் எது? படித்த படிப்பு பதில் சொன்னது: நெருப்பு பிறக்கும் இடம், பிளக். ஒவ்வொரு பானெட்டாகத் திறந்து வைத்தேன். விபூதி உதிரக் கூடாதே என்று அதைச் சந்தனத்தில் குழைத்து, கெட்டியாக, கேப்பிலிருந்து கீழே வரை இழுத்துவிட்டேன்.

விபூதி சாம்பல். சாம்பலில் உப்புச் சத்து உண்டு. உப்பு கடல்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மின்சாரத்துக்கு வழி விடும். பிளக்குக்குப் போக வேண்டிய பொறி, நான் போட்டுக் கொடுத்த பாதையில் வெளியே இறங்கிப் போயிருக்கிறது. இன்ஜின் சூடாகி ஈரம் காய்ந்ததும் பாதை அடைபட்டுவிடும். அதனால்தான் செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் வண்டி குணமாகிவிட்டது. இதெல்லாம் இரண்டாம் வருடப் பாடம். நல்ல மதிப்பெண் வேறு வாங்கியிருந்தேன்.

செல்வம் அண்ணா மூன்று முறை அந்தக் கேப்பைக் கையில் எடுத்தும் ஏன் கவனிக்கவில்லை? நம் ஊரில் பொட்டு வைத்த பொருளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. மீட்டர் பெட்டியிலும் பீரோவிலும் வருடம் முழுக்க இருக்கிறது, கண்ணில் படுகிறதா? அவர் பிறகு சொன்னார்: ஒவ்வொரு முறையும் பொட்டு அழியாமல் ஜாக்கிரதையாகக் கழற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினாராம்.

அம்மா கும்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, செல்வம் அண்ணா கேப்புகளைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். விக்கல் நின்றது. எடுத்த சந்தனத்தை அந்த அம்மா ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் செல்வம் அண்ணா சொன்னார்: "மேடம், நான் ஒண்ணியும் பாக்கல. வயரு லீக்கு, தொடச்சாச்சுனு சொல்லிக்கலாம். புள்ளத்தாச்சி, நீ எதுக்கு பேஜாரு பண்ணிக்கற?"

"அப்படிச் சொன்னா, மூணு தடவை பார்த்தும் வயர் லீக்கைக் கண்டுபிடிக்கலன்னு உங்களை வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பிடுவார்ணா."

"அதான் ஏற்கனவே அனுப்பிட்டாரே. போய் கழுவிக்கினு கெடக்கறேன்."

திருக்கழுக்குன்றம் வரை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மலையடிவாரத்தைத் தாண்டியதும் பிரசவம் வரைக்கும் வேலை வேண்டுமே என்று நினைத்தேன். செங்கல்பட்டு எல்லையில் மறுபடி மாறியது. இட்லியை நான் தொடவில்லை என்பதைச் செல்வம் அண்ணா பார்த்தார். அவரே சாப்பிட்டார்.

தனசேகர் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுக்கக் கேட்டார். நான் "பொட்டு வெச்சது நான்தான் சார்" என்று முடித்தேன்.

"அப்புறம்?"

"செல்வம் அண்ணா மேல தப்பு இல்ல சார். என்னை வேணா வாட்டர் சர்வீஸுக்குப் போடுங்க."

"எத்தனை வண்டிக்கு வெச்சே?"

"ஏழு சார். அஞ்சு புது வண்டி. அதுல இன்ஜின் மேல பிளாஸ்டிக் மூடி இருக்கும், பொட்டு அதுமேலதான். ஒண்ணும் ஆகாது. பழைய வண்டி ரெண்டுதான். ஒண்ணு பரமசிவன் சாரோடது."

"இன்னொண்ணு?"

இதற்கு முன்னால் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆயுத பூஜைக்குப் பிறகு சார் தன் வண்டியில் வருவதை நிறுத்தியிருந்தார். அவர் வீடு கொளவாய் ஏரிக்கரைப் பக்கம், காலையில் ஈரக்காற்று வீசும் இடம். தினமும் டவுன் பஸ்ஸில் வந்தார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றார்.

"உங்க வண்டி சார்" என்றேன். "உங்களோடதுங்கறதால கொஞ்சம் தாராளமா வெச்சேன்."

செல்வம் அண்ணா என் பின்னால் நின்றிருந்தார். பூஜை வாரத்தில் சாரின் வண்டிக்கும் டியூனிங் பார்த்தவர் அவர்தான்.

"அதானா!" என்றார். "அதுக்குத்தான் சார் பஸ்ல வந்துகினு கீறாரா? வண்டி மிஸ்ஸிங் ஆவுதுனு எங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கினு, என் கை பூட்ச்சுனு முடிவு கட்டிட்டியே சார்!"

"டாக்டர் நடக்கச் சொன்னார்" என்றார் சார்.

"பஸ்ஸுலயா சார்?"

சார் எழுந்தார். சுவரில் ஒட்டியிருந்த விதியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு அவருடைய அறையிலிருந்து வெளியே வந்து, கஸ்டமர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எழுதிக்கோமா."

நான் புது ஜாப் கார்டை எடுத்தேன். பெயர், வண்டி எண் எழுதினேன். புகார் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, "சொல்லுங்க சார்" என்றேன்.

"அதான் தெரியுமே. மிஸ்ஸிங்னு எழுது."

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "கஸ்டமர் சொல்றதைத்தான் சார் எழுதணும்" என்றேன்.

ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றது. ஆறு மெக்கானிக்குகளும் துணியில் கையைத் துடைத்தபடி கிட்டே வந்தார்கள். தனசேகர் சார் வாசலைப் பார்த்தார். வெளி ஆட்கள் யாரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஹ்ஹிக்" என்றார்.

"வறட்டு விக்கலா, சளி விக்கலா சார்?" என்றார் செல்வம் அண்ணா.

நந்தினி, உன் ஸ்கேனரில் இந்தச் சத்தம் வராது.

செய்த வேலை என்ற கட்டத்தில், நான்கு கேப்பிலும் பொட்டு துடைக்கப்பட்டது, பானெட்டின் வெளியே புதிதாக ஒன்று வைக்கப்பட்டது என்று எழுதினேன். மெக்கானிக் என்ற இடத்தில் செல்வம் அண்ணா கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையும் அதே இடத்தில்தான் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி வைத்திருந்தேன். சார் அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, தன் கையால் "கடல்காற்று" என்று எழுதினார். அவர் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.